சம்பளம் வந்ததா, இல்லையா?

துரைப்பாக்கத்தான்:
நேற்று இந்த இணைய மன்றத்தில் ஓர் அன்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தை மகிந்திரா எடுத்ததும் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாம். ஐயா, 2009 ஜனவரி 7 நினைவிருக்கிறதா? இல்லாத பணத்தை இருப்பதாகக் கணக்குக் காட்டினேன் என்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிய நாள். முந்தைய நாள் 179 ரூபாய்க்கு நின்ற பங்கு அன்று மாலை 40க்குக் கீழே. அரசே பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு, கிரண் கார்னிக், தீபக் பாரேக் போன்ற தொழில்துறைப் பெரும்புள்ளிகளை உட்கார வைத்தது. ஏப்ரலில் டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து எடுத்தது. எடுக்காவிட்டால் எல்லோரும் நடுத்தெருவில்தான். அதன்பிறகு உபரியாக இருந்தவர்களை ‘வெர்ச்சுவல் பூல்’ என்ற திட்டத்தில் வைத்து, ஆறு மாதம் வரை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். சம்பளமும் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் துரத்தலா?

வடபழனி வாசகி:
அந்த அன்பர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ‘சம்பளம்’ என்று பாதியை விழுங்கிவிட்டீர்களே! அடிப்படைச் சம்பளம். அதோடு வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும். வீட்டுக்காரர் அடிப்படை வாடகையா வாங்குவார்? வங்கிக்காரன் அடிப்படைத் தவணையா கேட்பான்?

துரைப்பாக்கத்தான்:
அடிப்படைச் சம்பளமும் சம்பளம்தான். வந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

வடபழனி வாசகி:
அடிப்படை மட்டும் வந்தது.

துரைப்பாக்கத்தான்:
வந்ததல்லவா? முடிந்தது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
இருவரும் சற்று நில்லுங்கள். வேலையிலிருந்து நீக்குவது வேறு, வேலை தர இயலாமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பது வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்தது. இன்னொன்று, சத்யத்தில் கைமாறியவை பங்குகள். முதலாளி என்ற சட்ட உருவம் மாறவில்லை. ஆகவே பணித்தொடர்ச்சி அறுபடவில்லை. ஒரு பிரிவை மட்டும் வெட்டி விற்கும்போது கதையே வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

துரைப்பாக்கத்தான்:
சட்டமெல்லாம் இருக்கட்டும் சார். சம்பளம் வந்ததா, இல்லையா?

தமிழ்நெறி:
‘வெர்ச்சுவல் பூல்’ என்று எழுதக் கூசவில்லையா? ‘மெய்நிகர் தொகுப்பு’ என்று அழகாக எழுதலாம்.

வடபழனி வாசகி:
மெய்நிகர் குளம் என்றே எழுதலாம். ஆறு மாதம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்களுக்குத்தான் தெரியும், மீன் கிடைத்ததா என்று.

தமிழ்நெறி:
குளம் அன்று. தொகுப்பு. கிண்டல் செய்வதற்கு மொழி உங்கள் வீட்டுத் திண்ணை இல்லை.

சிறுசேரி மணி:
நான் சத்யத்தில் இருந்ததில்லை. என் கதை வேறு நிறுவனம், பெயர் வேண்டாம். எங்கள் பிரிவை மட்டும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் போட்டு, ‘நீங்கள் எல்லோரும் இனி ஒரே குடும்பம்’ என்றார்கள். திங்கட்கிழமை இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்று பழைய நிறுவனத்துக்கு நாங்களாகவே எழுதிய ராஜினாமா, மற்றது புதிய நியமன உத்தரவு. முதலாவதில் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டாவது கிடைக்கும். எனக்கு அப்போது நான்கு ஆண்டு ஒன்பது மாதம் பணி. ஐந்து ஆண்டு நிறையவில்லை, பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். புதிய இடத்தில் மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையின் நிறம் நீலத்திலிருந்து ஆரஞ்சு. மாலையில் கொடுத்த வடை நின்றது. தேநீர் இயந்திரத்துக்குச் சில்லறை போட வேண்டும் என்று வந்தது. எங்களுக்கு மேல் இருந்த மூன்று மேலாளர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் மொத்தத் தொகை மாறவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதியை ‘செயல்திறன் ஊதியம்’ என்று பெயர் மாற்றி, ஆண்டு முடிவில் பார்த்துத் தருவோம் என்றார்கள். பார்த்தார்கள், தரவில்லை.

துரைப்பாக்கத்தான்:
மாதா மாதம் சம்பளம் நின்றதா தம்பி?

சிறுசேரி மணி:
நிற்கவில்லை அண்ணா, ஆனால்...

துரைப்பாக்கத்தான்:
நிற்கவில்லை. அவ்வளவுதான் கேட்டேன். வடைக்காகவெல்லாம் ஒரு நிறுவனத்தைத் தூற்றக் கூடாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
மணி, வடையை விடுங்கள். நான்கு ஆண்டு நிறைந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே பணிக்கொடைக்குத் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990களிலேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒன்பது மாதம் என்றால் உங்களுக்குப் பொருந்தக்கூடும். நாளைக் கணக்கிட்டீர்களா?

நாவலூர் இளைஞன்:
பெரியவர்களே, துரத்தல் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா? 2022 அக்டோபர் இறுதியில் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை எடுத்தார். பத்து நாள்கூட ஆகவில்லை, ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்றுதான் பலருக்குச் செய்தியே தெரிந்தது.

துரைப்பாக்கத்தான்:
அப்படிச் சொல்லு தம்பி! அதுதான் துரத்தல். சத்யத்தில் நடந்தது அதுவா? அடிப்படை வித்தியாசம் தெரியாமல் எழுதுகிறார்கள்.

வடபழனி வாசகி:
நன்றாக மாட்டினீர்கள். அன்று வெளியே அனுப்பப்பட்ட கலிஃபோர்னியா ஊழியர்களுக்கு ஜனவரி தொடக்கம் வரை சம்பளம் போனது. வீட்டிலிருந்தபடி வாங்கினார்கள். உங்கள் கணக்குப்படி அதுவும் துரத்தல் இல்லையே? சம்பளம் வந்ததா, இல்லையா?

துரைப்பாக்கத்தான்:
அது அமெரிக்கா. அங்கே சட்டம் வேறு.

வடபழனி வாசகி:
ஓ, இப்போது சட்டம் வந்துவிட்டதா? கணக்கர் சொன்னபோது ‘இருக்கட்டும்’ என்றீர்களே!

துரைப்பாக்கத்தான்:
உங்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். போன ஆண்டு நீங்கள் எழுதிய பயணக் கட்டுரையில் பிழை சுட்டிக்காட்டியதை இன்னும் மறக்கவில்லை.

வடபழனி வாசகி:
என் கட்டுரை இங்கே எதற்கு? உங்கள் வரலாற்றைச் சொல்லவா? 2008 டிசம்பரில் சத்யம் தன் பெயரின் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப் போட்ட, ராஜு குடும்பத்தின் மேய்டாஸ் நிறுவனங்களை வாங்கப் பார்த்து, முதலீட்டாளர்கள் கொதித்ததும் பின்வாங்கியது. அந்த வாரம் ‘விலை இறங்கியிருக்கிறது, இதுதான் சமயம்’ என்று பங்கு வாங்கியதாக நீங்களே இங்கே பெருமையாக எழுதினீர்கள். நிருவாக நேர்மைக்குத் தங்க மயில் (கோல்டன் பீகாக்) விருது வாங்கிய நிறுவனம் என்று வேறு சான்று கொடுத்தீர்கள். மகிந்திரா வந்து 58 ரூபாய் கொடுக்காவிட்டால் உங்கள் முதலும் போயிருக்கும். நீங்கள் ஊழியருக்காகவா உருகுகிறீர்கள்?

துரைப்பாக்கத்தான்:
என் பணம், என் பங்கு. அதை இழுக்க வேண்டிய தேவை என்ன? அந்த மயில் விருதை நானா கொடுத்தேன்? நான் கேட்பது ஒரே கேள்வி. ஆறு கேள்வி கேட்கவில்லை, ஒன்று. அந்த ஆறு மாதமும் சம்பளம் வந்ததா, இல்லையா?

வடபழனி வாசகி:
அடிப்படை.

துரைப்பாக்கத்தான்:
வந்தது.

தமிழ்நெறி:
‘நிருவாகம்’ அன்று, ‘நிர்வாகம்’ என்பதே வழக்கு. அதைவிட ‘ஆளுகை’ நன்று.

நாவலூர் இளைஞன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

துரைப்பாக்கத்தான்:
நீ என்னப்பா கேட்டாய்?

சிறுசேரி மணி:
கணக்கர் ஐயா, எண்ணிப் பார்த்தேன். 260 நாளுக்கு மேல் வருகிறது. ஆனால் ராஜினாமாவில் என் கையெழுத்து இருக்கிறதே, பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற கணக்கர்:
ராஜினாமா செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு. அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? தொழிலாளர் துறையில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்.

துரைப்பாக்கத்தான்:
திரியைத் திசை திருப்ப வேண்டாம். வாசகி அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.