பூனையை ஆற்றுக்கு அக்கரையில் விட்டால் தீருமா?

பாளைத் தம்பி:
மதினிக்கு மூன்றாவது மாசம். பூனை இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, எங்கள் பூனையைக் கோணியில் கட்டித் தாமிரபரணிக்கு அக்கரையில் விடச் சொல்கிறார் ஆச்சி. ஐந்து வருசமாக வளர்கிற பூனை. என்ன செய்ய?

மேலப்பாளையத்தான்:
ஆச்சி சொல்வதுதான் சரி. டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணியின் முட்டை பூனைக் கழிவில்தான் வரும். கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால் கரு கலையலாம், பிள்ளையின் கண்ணோ மூளையோ பாதிக்கலாம். இதில் யோசனை எதற்கு?

கால்நடை மாணவி:
பாதியைத்தான் சொன்னீர்கள் அண்ணாச்சி. பூனைக்கு முதலில் தொற்றும்போது இரண்டு மூன்று வாரம்தான் முட்டை வரும். அதுவும் முதிர்ந்து தொற்ற ஒரு நாளாவது ஆகும். பூனை கழிகிற தட்டு மணலைத் தினமும் மதினியைத் தவிர வேறு யாராவது அள்ளிப் போட்டால் போதும். சரியாக வேகாத கறியும் மண் போகக் கழுவாத கொத்தமல்லியும்தான் எனக்குப் பெரிய கவலை.

மேலப்பாளையத்தான்:
நம்ம ஊரில் வேகாத கறி யார் தின்கிறார்கள்?

கால்நடை மாணவி:
உப்பு பார்க்கிறேன் என்று பாதி வெந்த ஈரலை வாயில் போடுவது யார்? கறி வெட்டின பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவது?

முக்கூடல் ஆட்டுக்காரன்:
போன வருசம் என் ஆடுகள் நான்கு வரிசையாகக் காலம் ஆகாமலே குட்டி வீசின. டாக்டர் சொன்ன பல காரணங்களில் இந்த ஒட்டுண்ணியும் ஒன்று. கடலைக்கொடிப் படப்பில்தான் பூனை குட்டி போட்டிருந்தது. சோதனை செய்யவில்லை, அதனால் பூனை மேல் பழி போட மாட்டேன். ஆனால் படப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். வீசின குட்டிகளை வெறுங்கையால் எடுத்ததற்குத்தான் நல்ல திட்டு.

மேலப்பாளையத்தான்:
பார்த்தீர்களா? கடைசியில் பூனையில்தான் வந்து நிற்கிறது.

கால்நடை மாணவி:
சரி, அக்கரையில் விட்ட பூனை என்ன செய்யும்? பசிக்கு எலி பிடிக்கும். எலியிலிருந்து ஒட்டுண்ணி பூனைக்கு ஏறும். அப்புறம் யாரோ ஒருவர் வயலில் கழியும். ஈர மண்ணில் அந்த முட்டை ஒரு வருசத்துக்கு மேல் கிடக்கும், குளோரினுக்கும் சாகாது. 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரில் குடிநீர் வழியாகவே பரவியிருக்கிறது. கலிபோர்னியாவில் மழைநீர் அந்த முட்டையைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய், கடல் நீர்நாய்கள் சாகின்றன. ஆச்சி நோயை அக்கரைக்குப் பார்சல் கட்டுகிறார்.

மேலப்பாளையத்தான்:
கனடா இருக்கட்டும். மணல் அள்ள ஒரு நாள் மறந்தால்?

கால்நடை மாணவி:
அது நியாயமான கேள்வி. மதினிக்கு ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்கிற எதிர்ப்பொருள்களைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்னமே தொற்றி எதிர்ப்பு வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

பாளைத் தம்பி:
அண்ணன் கட்டாயம் மறப்பான். மணல் என் பொறுப்பு. ஆச்சியிடம் மட்டும், எல்லாம் பெரிய டாக்டர் சொன்னது என்று சொல்லப் போகிறேன். படிக்கிற பிள்ளை சொன்னது என்றால் கோணியை எடுத்துவிடுவார்.