எடை இறங்கியது, 800 மீட்டர் நேரம் ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?

கேள்வி:
வயது 22, ஓடுவது 800 மீட்டர். சீசனுக்கு முன் 3 கிலோ குறைக்கச் சொன்னார் கோச், குறைத்தேன். இப்போது 52 கிலோ, டெக்ஸா ஸ்கேனில் கொழுப்பு 14 சதவீதம். முதல் சில வாரம் கால் லேசாக இருந்தது, அப்புறம் கடைசி 200 மீட்டரில் காலே வரமாட்டேன் என்கிறது. நான்கு மாதமாக மாதவிடாயும் இல்லை. கடுமையாகப் பயிற்சி செய்தால் அது சகஜம் என்கிறார்கள். இன்னும் 1 கிலோ இறக்கிப் பார்க்கட்டுமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். பலருக்கு நடக்கிறது என்பதால் அது சகஜம் ஆகிவிடாது. பெரும்பாலும் பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாததுதான் காரணம். கணக்குப் போடுங்கள்: கொழுப்பைக் கழித்தால் உங்கள் உடம்பு சுமார் 45 கிலோ. ஒரு நாள் 1,900 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 800 செலவானால் மிச்சம் 1,100, அதாவது கிலோவுக்கு 24. கிலோவுக்கான இந்த மிச்சம் 45 கலோரி பக்கம் இருந்தால் நல்லது, 30க்குக் கீழே இழுத்துக்கொண்டே போனால் உடம்பு ஹார்மோன், எலும்பு என்று ஒவ்வொன்றிலும் செலவைக் குறைக்கும் (30 எல்லோருக்கும் ஒரே கோடு அல்ல, சிலருக்கு அதற்கு முன்பே தொடங்கும்). 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும்.

பதில் 2:
தங்கச்சி, முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, கர்ப்பம் போன்ற மற்ற காரணங்களையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். எனக்கு ஒரு வருடம் மாதவிடாய் நின்றிருந்தது, எடை மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விட்டபோதுதான் புரிந்தது, அந்த சீசன் முழுக்கப் போயிற்று.

பதில் 3:
நான் பயிற்சி தருபவன். போட்டி எடையை வருடம் முழுக்கப் பிடித்துவைக்கக் கூடாது, முக்கியப் போட்டிக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் போதும். அந்த 14ஐயும் ரொம்ப நம்பாதீர்கள், சாப்பிட்டதும் தண்ணீர் குடித்ததும்கூட ஸ்கேனை மாற்றும். எட்டு இடங்களில் தோல்மடிப்பை (தோலைக் கிள்ளிப் பிடித்தால் வரும் தடிமன்) அளந்து, கூட்டிய மில்லிமீட்டரையே வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சதவீதமாக மாற்ற வேண்டாம், எப்போதும் ஒரே ஆள் அளக்கட்டும். மாவுச்சத்தைக் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடும் பயிற்சி நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 6 கிராமாவது வேண்டும், உங்களுக்கு 312 கிராம். கடைசி 200 மீட்டருக்கு அதுதான் எரிபொருள்.

கேட்டவர்:
நேற்றைய கணக்கைப் போட்டேன், 26 வந்தது. மாவுச்சத்து 180 கிராம்கூட இல்லை. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், கோச்சையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.