யாழ்ப்பாணம் போகிறோம்: கையில் காசா, யுபிஐயா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவோடு சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறேன். நல்லூர், நயினாதீவு கோயில்களுக்கு. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் யுபிஐ வந்துவிட்டதே, நோட்டு மாற்றாமல் போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. போன வருஷம் நானும் அப்படித்தான் கிளம்பினேன். கொழும்பு துணிக்கடையில் லங்காக்யூஆரை (இலங்கைக் கடைகளில் வைத்திருக்கும் க்யூஆர் குறியீடு) ஸ்கேன் செய்ததும் நொடியில் பணம் போனது. நயினாதீவுக்குப் போகும் குறிகட்டுவான் படகில் அது நடக்கவில்லை. ஈரக் கையில் கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை அடுக்கிக்கொண்டே, "காசு இல்லையோ?" என்று கேட்டார் படகுக்காரர். பின்னால் நின்ற ஓர் அக்காதான் எங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

பதில்: ஆப்பில் வெளிநாட்டு வசதியைக் கிளம்பும் முன்பே ஆன் செய்துவிடுங்கள். கடைகளுக்கு மட்டும்தான் அது. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய், சில்லறை அவசியம்.

கேட்டவர்: நன்றி. இறங்கியதும் மாற்றிக்கொள்கிறேன். அண்ணா, அந்த அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தீர்களா?

பதில்: வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார், தம்பி.