"மண்டைக்குக் கரண்ட்": லயத்து மக்களுக்கு விளங்கும் சொல் வேண்டும்

வணக்கம் உறவுகளே. மனச்சோர்வுக்கான மூளைத் தூண்டல் சிகிச்சை பற்றித் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழும் குடும்பங்களுக்கு ஒரு விளக்கத்தாள் எழுதுகிறோம். சில இடங்களில் சொல் சிக்குகிறது.

ஈசிடியில் (தலைக்கு மின்சாரம் கொடுத்துச் சிறு வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை) மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே மின்சாரம். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். வாரம் 2, 3 முறையாக 6 முதல் 12 தடவை. விடியற்காலையில் ஒரு வாய் பால் தேத்தண்ணி குடித்தாலும் அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும். ஏனென்றால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கலாம். மறதி வரலாம், சிலருக்கு அது வாரக்கணக்கில் அல்லது அதைவிட நீடிக்கலாம் என்பதை ஒளிக்கக் கூடாது.

டிஎம்எஸ் (தலைக்கு வெளியே காந்தக் கருவி வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை) வேறு. ஆள் விழித்தே இருப்பார். கட்டைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து, அதற்கேற்பக் காந்த வலிமையை வைப்பார்கள். இடது முன்மூளைக்கு 10 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 10 துடிப்பு), இடையிடையே ஓய்வு விட்டு, ஒரு தடவைக்கு 3000 துடிப்பு, 37.5 நிமிடம். மீண்டும் மீண்டும் தூண்டும்போது அதோடு இணைந்த ஆழமான பகுதிகளின் இயக்கமும் மாறுகிறது. ஆனால் வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம்: கொழுந்து பறிப்பவருக்கு அத்தனை நாள் பேர் (நாள் கூலிக்கான வேலைப் பதிவு) போய்விடும். இதையும் தாளில் எழுதியே ஆக வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் மனச்சோர்வை என்ன சொல்லிப் பேசுகிறார்கள்? பயமுறுத்தாமல் "வலிப்பு" என்பதை எப்படிச் சொல்வது? ஹட்டன், பதுளைப் பக்கம் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, விளங்காத வரியைக் கீழே எழுதுங்கள்.