கைதட்டி அசை பிரிக்கும் விளையாட்டு வாசிப்புக்கு உதவுமா?

கரும்பலகை:
மூன்றாம் வகுப்புக்கு வந்த பின்னும் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளுக்கு, சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கைதட்டும் விளையாட்டைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது என் வாதம். 'பட்டம்' என்பதை ப, ட், ட, ம் என நான்காக உடைத்துப் படிக்கும் பிள்ளை, கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதலெழுத்தை மறந்துவிடுகிறது. பட்-டம் என இரண்டு தட்டாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அதே சொல் உடனே பிடிபடுகிறது. புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடு ஒட்டி ஒலிக்கும் என்பதை விதியாகச் சொல்வதைவிடக் கைதட்டி உணர்த்துவது எளிது.

ஓலைச்சுவடி:
பள்ளிக்கே போகாத நான்கு வயதுப் பிள்ளைகளில் பலர் பட்-டம் என்று தட்டிவிடுவார்கள். அதனால் அவர்கள் வாசித்துவிடுவார்களா? திணறல் காதில் இல்லை, கண்ணில் இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. போதாததற்கு வலப்பக்கம் ஒரு கால் வேறு. கு, சு, து ஆகியவற்றில் உகரக்குறி ஒரே வடிவில் இல்லை. உயிர்மெய் 216ஐயும் எழுதிப் பழகாமல் இவை எதுவும் வசப்படாது.

வெண்பாப்பிரியர்:
ஓர் ஐயம். 'மரம்' என்பது யாப்பில் ஒரே நிரையசை. நீங்கள் ம-ரம் என்று இரண்டு தட்டுத் தட்டுவீர்கள் அல்லவா?

கரும்பலகை:
ஆம், இரண்டுதான். யாப்பின் அசை வேறு. வகுப்பில் நான் 'தட்டு' என்றே சொல்கிறேன். ஓலைச்சுவடி அவர்கள் சொல்வதில் பாதியை மறுக்க மாட்டேன்: வெறும் கைதட்டல் முதல் படி மட்டுமே. ஒலிப்பயிற்சியை எழுத்தோடு சேர்த்துத் தரும்போதே பலன் கூடுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையும் கூறுகிறது. ஆகவே தட்டியவுடன், அந்தத் துண்டுகளை எழுதிய அட்டைக்கு வருகிறோம். 'பட்', 'கட்', 'சட்' ஒரு பக்கம். 'டம்', 'டை' மறுபக்கம். பட்டம், பட்டை, கட்டம், கட்டை, சட்டம், சட்டை என ஐந்து அட்டையில் ஆறு சொற்கள் விளைகின்றன. இதே சொற்களைப் பத்து முறை எழுதச் சொன்னால் கைதான் வலிக்கும். எந்தத் துண்டு மாறியது என்பதைப் பிள்ளை கவனிக்காது.

ஓலைச்சுவடி:
அட்டையை ஏற்கிறேன், அது வாசிப்பு. என் எதிர்ப்பு வகுப்பு முழுவதும் சேர்ந்து தட்டுவதற்கு. யாருக்கு அது தேவையோ அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து அரை நொடி தாமதமாகத் தட்டும். ஆசிரியருக்கு அது தெரியாது. தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்காக 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்ததே, எல்லாருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது என்பதால்தானே?

கரும்பலகை:
அதனால்தான் திணறும் பிள்ளைகளை நான்கைந்து பேராக உட்காரவைத்து, ஒவ்வொருவராகத் தட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் கதைப்புத்தகம் கொடுத்துவிடலாம்.

ஓலைச்சுவடி:
அப்படியானால் இன்னொன்றையும் சேருங்கள். 'மிட்டை', 'நொட்டம்' போலப் பொருளற்ற சொற்களையும் அட்டையில் வைத்துப் பாருங்கள். 'சட்டை' என்று சரியாகச் சொல்லும் பிள்ளை அதை வாசித்ததா, ஊகித்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

கரும்பலகை:
சோதிப்பதற்கு என்றால் சரி. பயிற்சியில் அவற்றைச் சேர்க்க மாட்டேன். வாசித்தால் பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இன்னும் வராத பிள்ளைகள் இவர்கள்.