பை-ஃபியூவல் வண்டிக்கு ‘முறையெரிபொருள் வண்டி’ என்னும் சொல்

அன்புடைய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியைப் பெட்ரோல், அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்படும் எரிவாயுவான புரொப்பேன் ஆகிய இரண்டிலும் ஓடும்படி மாற்றியமைக்கும் அமெரிக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘பை-ஃபியூவல்’ என்பதற்கு ‘ஈரெரிபொருள்’ போதும் என்று சென்ற மடலில் நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அச்சொல்லில் பிழையில்லை. ஆனால் அது எரிபொருள் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறதே தவிர, அவை எப்படி எரிகின்றன என்பதைச் சொல்வதில்லை. இங்கே நமக்கு வேண்டியது அந்த ‘எப்படி’தான்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சரக்கு ஏற்றும் பகுதியில் புரொப்பேன் கலன் குறுக்காகப் பொருத்தப்படுகிறது. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் அதை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்புவதில்லை. திரவம் தன் அழுத்தத்தாலேயே குழாய் வழியாக முன்னே வந்து, ஆவியாக்கியில் வாயுவாகிறது. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். ஆவியாகும்போது அது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், ரேடியேட்டரின் சுடுநீர் ஆவியாக்கியின் ஊடே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் மேல் வெள்ளையாக உறைபனி பூத்து, வாயு வருவது தடைப்படும். ஆகவே குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி பெட்ரோலில்தான் கிளம்பும். நீர் சூடேறிய பிறகே கட்டுப்பாட்டுப் பெட்டி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை நிறுத்திவிட்டு, அந்தந்தச் சிலிண்டருக்குரிய கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கிறது. ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவது, டேஷ்போர்டில் இருக்கும் பொத்தானின் விளக்கு மாறுவது மட்டுமே.

ஆக, ஒன்று ஓய்ந்த பிறகே மற்றொன்று வருகிறது. ‘டூயல் ஃபியூவல்’ எனப்படும் டீசல் இயந்திரம் இதற்கு நேர்மாறானது. அதில் காற்றோடு கலந்து உள்ளே வரும் வாயுவைச் சிறிதளவு டீசல் பற்றவைக்க, இரண்டும் ஒரே சிலிண்டரில் ஒரே நேரத்தில் எரிகின்றன. பிரேசிலில் பெருவழக்காக உள்ள ‘ஃபிளெக்ஸ் ஃபியூவல்’ கார்களிலோ எத்தனாலும் பெட்ரோலும் ஒரே தொட்டியில் எந்த விகிதத்திலும் கலந்திருக்கலாம். ‘ஈரெரிபொருள்’ என்று எழுதிவிட்டால் இம்மூன்றும் ஒரே குடைக்கீழ் வந்துவிடும். கையேட்டைப் பார்த்துக் குழாய் பொருத்தப்போகும் மெக்கானிக்குக்கு அது உதவாது.

என் முன்மொழிவு ‘முறையெரிபொருள்’. மடைக்கு மடை முறை வைத்துத் தண்ணீர் விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். விட்டுவிட்டு வரும் காய்ச்சலை முறைக்காய்ச்சல் என்றார்கள். முறை என்றால் ஒழுங்கு என்றும் பொருள்படுமே, ‘முறையான எரிபொருள்’ என்று யாராவது வாசிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். முறைப்பாசனத்தை ‘ஒழுங்கான பாசனம்’ என்று எந்த உழவரும் கொள்வதில்லை என்பதே என் விடை. ‘மாறெரிபொருள்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். மாற்று எரிபொருள் என்று முன்பே வழங்கும் சொல்லோடு அது குழம்பும். டூயல் ஃபியூவலுக்கு ‘உடனெரிபொருள்’ என்றும், ஃபிளெக்ஸ் ஃபியூவலுக்குக் ‘கலப்பெரிபொருள்’ என்றும் வைத்தால் மூன்றும் தனித்தனியே நிற்கும்.

ஓர் இடர்ப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இயந்திரங்களில், இன்ஜெக்டர் முனை வெந்துபோகாமல் இருக்கப் புரொப்பேனில் ஓடும்போதும் சிறிது பெட்ரோல் விடப்படுவதுண்டு. அங்கே ‘முறை’ முழுதாகப் பொருந்தாது. நான் மொழிபெயர்க்கும் கையேடு, காற்றுக் குழாயின் வாயிலில் பெட்ரோலைத் தெளிக்கும் 2014-ஆம் ஆண்டின் 3.7 லிட்டர் வி6 இயந்திரத்தைப் பற்றியது என்பதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, ‘கேஸ்’ என்ற சொல்லைத் தமிழில் அப்படியே விடக்கூடாது. அமெரிக்கருக்கு அது பெட்ரோல். நம் ஊர்ப் பட்டறையில் அது எல்பிஜி. ‘கேஸ் குழாயைக் கழற்றவும்’ என்று எழுதினால் தவறான குழாயில் கை போகும், அது உயிருக்கே ஆபத்து. எல்பிஜி என்றும் பொதுப்பட எழுத முடியாது. அமெரிக்காவில் வண்டிக்கு விற்கும் எச்டி-5 வகையில் குறைந்தது 90 விழுக்காடு புரொப்பேன், நம் வாகன எல்பிஜியோ புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. எனவே பெட்ரோல், புரொப்பேன் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன். மேலே ‘கேஸ் இன்ஜெக்டர்’ என்று பட்டறை வழக்கில் எழுதியது, கையேட்டில் ‘புரொப்பேன் இன்ஜெக்டர்’ என்றே வரும்.

பெட்ரோல் இன்ஜெக்டர்கள் துண்டிக்கப்பட்டதை வண்டியின் கணினி பழுதென்று கருதி எச்சரிக்கை விளக்கை எரியவிடாமல், இன்ஜெக்டர் அங்கேயே இருப்பதுபோல் காட்டும் எமுலேட்டருக்குச் ‘சுமைப்போலி’ என்பது பொருந்துமா என்று மின்னியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

‘முறை’யை ஏற்றுக்கொண்டால் அந்த டேஷ்போர்டுப் பொத்தானுக்கு ‘முறைமாற்றி’ என்ற பெயர் தானாகவே அமைகிறது. கையேட்டின் வரி ஒன்றை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘புரொப்பேன் கலன் காலியானால், முறைமாற்றியை அழுத்திப் பெட்ரோலுக்குத் திரும்பவும்.’ படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.