புல்லா, புல்லையா?

பொருநைக்கரையான்:
நேற்று இங்கே ஒருவர், "வேற்றுமை உருபு உள்ள மொழியில் சொற்களை எப்படி அடுக்கினாலும் பொருள் மாறாது, தமிழே அதற்குச் சான்று" என்று எழுதிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘மாடு புல் தின்றது’ என்பதில் உருபு எங்கே? ‘புல்லை மாடு தின்றது’ என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஐ உருபை எடுத்துவிட்டுப் ‘புல் மாடு தின்றது’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். உருபில்லாத செயப்படுபொருள் வினையை ஒட்டியே நிற்கும்.

தொழுவத்தான்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லக்கூடக் கசக்கிறது போலும். "புல் மாடு தின்னும், தவிட்டைத்தான் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்" என்று இன்று காலையில்கூட என் தாயார் சொன்னார். அவர் நாக்கு இடறவில்லை. லத்தீனில் உருபுகள் இருந்தவரை சொற்கள் தாராளமாக இடம் மாறின. செயப்படுபொருளைக் காட்டிய சொல்லிறுதி மகரம் பேச்சில் தேய்ந்து, உருபுகளும் உதிர்ந்தபின், அதிலிருந்து பிறந்த பிரெஞ்சும் ஸ்பானியமும் வினையை நடுவில் வைக்கும் வரிசைக்குள் பெரும்பாலும் அடங்கின. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எழுத்தாணி:
‘மாறுவது’ என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பொருளையா, அழுத்தத்தையா, இலக்கண வழுவையா? அதை முதலில் வரையறுத்துவிடலாமே.

பொருநைக்கரையான்:
வரையறை ஓடிவிடாது. தாயார் புல்லைத் தவிட்டோடு ஒப்பிட்டு அழுத்திச் சொல்லியிருக்கிறார். ‘என்ன நடந்தது?’ என்று கேட்பவரிடம் ‘புல் மாடு தின்றது’ என்பாரா? ஐஸ்லாந்து மொழியில் நான்கு வேற்றுமைகள் இன்றும் உயிரோடு இருக்க, அதன் வினைமுற்று பெரும்பாலும் இரண்டாம் இடத்தைவிட்டு அசைவதில்லை. உருபு இருந்தால் சுதந்திரம் என்ற உங்கள் விதியை அங்கே போய்ச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
வெளிநாட்டுக் கதை எதற்கு? நன்னூலார் எட்டுப் பொருள்கோலை அன்றே வகுத்துவிட்டார்.

பொருநைக்கரையான்:
அது பொருள்கோள், பாட்டின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. கோல் மாடு மேய்ப்பதற்கு. மேலும், அது செய்யுளுக்குச் சொன்னது, ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுவதற்கு அன்று.

கரிசல்காடு:
எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்கள் வழக்கம். சங்கப் பாடல் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

தொழுவத்தான்:
மாடு மேய்ப்பவர்களை இழுக்க வேண்டாம். 1963இல் மொழியியலாளர் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஆராய்ந்து, எழுவாயும் செயப்படுபொருளும் வினைக்கு முன்னே வரும் மொழிகளில் ஏறத்தாழ எப்போதும் வேற்றுமை அமைப்பு உண்டு என்றார். நான் சொன்னதும் அதுதான்.

பொருநைக்கரையான்:
நீங்கள் சொன்னது அதுவன்று. இரு பெயர்களும் வினைக்கு முன்னே நெருங்கி நிற்பதால், யார் செய்தார், எதைச் செய்தார் என்று பிரித்துக்காட்ட அடையாளம் தேவைப்படுகிறது என்பதற்குத்தான் அவர் கூற்று இடம் தருகிறது. சொற்கள் கட்டவிழ்ந்து திரியலாம் என்பதற்கு அன்று. மொழியியலாளர் மேத்யூ டிரையர் சொல்வரிசைப்படி தொகுத்த 1376 மொழிகளில், வினையைக் கடைசியில் வைப்பதில் 564 தமிழைப் போன்றவை, நடுவில் வைப்பதில் 488 ஆங்கிலத்தைப் போன்றவை. ஐரிஷ் போல வினையில் தொடங்கி எழுவாயை அடுத்து வைப்பவை 95. இன்ன வரிசைதான் மேலோங்குகிறது என்று சொல்ல முடியாதவை 189 மட்டுமே. தமிழ் அந்த 189இல் இல்லை. ‘புல் தின்ற மாடு’, ‘மாடு தின்ற புல்’ இரண்டும் ஒன்றா? உருபே இல்லை, இடம் மட்டுமே மாறியது; முதலாவதில் கையில் இருப்பது மாடு, இரண்டாவதில் புல்.

தொழுவத்தான்:
பெயரெச்சத்துக்குத் தாவிவிட்டீர்கள். ‘புலி கொல் யானை’ என்று உரையாசிரியர்கள் காட்டுவதில் வரிசை மாறவே இல்லை, கொன்றது புலியா யானையா என்று தெரிகிறதா? உங்கள் வரிசை அங்கே என்ன கிழித்தது?

எழுத்தாணி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

பொருநைக்கரையான்:
அங்கே உருபு போட முடியாமல் தடுமாறுகிறது என்பதை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள், நன்றி. புல்லுக்கு வாருங்கள். அழுத்தம் இல்லாமல், ஒப்பீடு இல்லாமல், ‘புல் மாடு தின்றது’ என்று யாராவது சொன்ன ஒரே ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

தொழுவத்தான்:
காலையிலேயே காட்டினேன். லத்தீனுக்கு நீங்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பொருநைக்கரையான்:
தவிடு இல்லாமல் காட்டுங்கள்.